இருபது கவடு

திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு மானைக் காட்டுவதற்குக் காட்டுக்குக் கூட்டிப்போகத் தேவையில்லை. பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையிலேயே புள்ளிமான் நிற்கும். மரநிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அம்மா அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைப்பா. மானின் நாக்கு ஈரமும் சொரசொரப்புமாக உள்ளங்கையைத் தடவிப் பழத்தை எடுத்துக்கொள்ளும். பொழுது பட்டால் அதே மான்கள் நகரத்துக்குள் இறங்கிக் குப்பையைக் கிளறும். பொலித்தீன் பையை விழுங்கி வயிறு அடைத்துச் சாகிற மான்களைப் பற்றி எங்கள் ஊரில் கேள்விப்படாதவர் இல்லை.

அதனால் மான் எனக்குத் தெரியும் என்றே நாற்பது வயது வரை நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதம், அத்தை மகன் கனடாவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் மூன்று கிழமை நின்றான். ஒன்ராறியோவில் வில்லால் மான் வேட்டையாடுகிறவன். அங்கே அதற்கு முறை இருக்கிறது. வேட்டைப் பாடநெறியில் படித்து, சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, மானுக்கென்று தனியாக ஒரு சீட்டும் வாங்கி, இலையுதிர் காலத்தில் அதற்கென்று விட்ட நாட்களில்தான் போகலாம். அவன் தேடிப்போவது வெள்ளைவால் மான். மரத்தில் ஏறி இருப்பவர்கள் உண்டு. இவன் நிலத்திலேயே மறைப்புப் போட்டு அதற்குள் இருப்பவன்.

விறாந்தையில் படுத்தபடி இரண்டு இரவு அதைப் பற்றியே கதைத்தான். முதல் இரவு அம்மா உள்ளேயிருந்து கேட்டா: "ஏன் தம்பி, மறைஞ்சிருந்து அடிக்கிறது ஒரு வீரமோ? வாலியை அப்பிடி அடிச்சதுக்கே ராமனை இண்டைக்கும் கேள்வி கேக்குது சனம்."

அவன் சிரிக்கவில்லை. எழுந்து இருந்தான். "அத்தை, வாலியை ராமன் கொல்லுறதுக்காக மறைஞ்சான். நான் மறையிறது கிட்டப் போறதுக்கு" என்றான். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் சொன்ன கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் காலத்துக் கப்பி வைத்த வில்லில் அம்பு செக்கனுக்கு எண்பது, தொண்ணூறு மீற்றர் வேகத்தில் போகும். சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் போகும். ஆகவே நாணை விட்ட சத்தம் எப்போதும் அம்புக்கு முன்னால் மானின் காதுக்குப் போய்விடும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக முதலில் உடம்பைப் பதிக்கும். நாற்பது மீற்றர் தூரமென்றால் அம்பு போய்ச் சேர அரைச் செக்கன் ஆகும், அதற்குள் மான் ஒரு சாண் பதிந்துவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் குத்தும், அல்லது மேலால் போகும். முதுகில் அம்போடு ஓடுகிற மான் எங்கே போய்ச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நல்ல வில்லுக்காரன் இருபது மீற்றருக்குள் வராத மானுக்கு எய்ய மாட்டான். வந்தாலும் மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும், இல்லையென்றால் சற்று அப்பால் திரும்பி நிற்கவேண்டும். அப்போதுதான் முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால், விலாவுக்குள், இரண்டு நுரையீரலையும் அம்பு துளைக்கும். முகத்தை நேரே காட்டி நிற்கிற மானுக்கு அவன் எய்வதே இல்லை.

"பத்து வருசத்தில நாலு மான்தான் மச்சான்" என்றான்.

அந்த நாலில் ஒன்றைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அம்பு கொஞ்சம் பின்னால் பட்டிருக்கிறது. அம்பில் ஒட்டியிருந்த இரத்தத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டுமாம். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அரை மணித்தியாலம் பொறுத்துப் போனால் மான் கிட்டவே கிடக்கும். கறுத்த இரத்தம் என்றால் ஈரல். உடனே தேடிப் போகக்கூடாது, போனால் எழும்பி இன்னும் தூரம் ஓடும். படுத்து அமைதியாகச் சாக விடவேண்டும். அன்றைக்கு இரத்தம் கறுப்பு. குளிரில் நாலு மணித்தியாலம் காத்திருந்து, பிறகு ரோச் வெளிச்சத்தில் காய்ந்த மேப்பிள் இலைகளைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு துளியாகத் தேடி, விடிய இரண்டு மணிக்குத்தான் மான் கிடந்த இடத்துக்குப் போனானாம். "அதுக்குப் பிறகு அடுத்த வருசம் முழுக்க நான் வில்லைத் தொடேல்லை" என்றான்.

இலங்கையில் மானை எய்வது குற்றம். 1937 ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது இருப்பது எனக்குச் சம்மதம். வில்லையும் அவன் கொண்டுவரவில்லை. ஆனால் மறைப்புக்குள் இருந்து பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லையே. எனக்குப் படம் எடுக்கும் பழக்கம் உண்டு. அவன் வெறுங்கையோடும் நான் கமராவோடும் இருந்து பார்ப்போம் என்று முடிவானது.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் வரை வேலைக்குப் போவேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் போய்வருவது ஒரு நாள் வேலையாகிவிட்டது. வெருகல் பக்கத்தில் ஒரு பெரியவரின் பம்பை நான்தான் பார்ப்பது. காட்டை ஒட்டிச் சேனை செய்கிறவர். "நாங்கள் வேடர்" என்று தன்னைச் சொல்லுவார். மூதூரிலிருந்து வாகரை வரைக்கும் கரையோரத்தில் இப்படிச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்தான் பேசுகிறார்கள், எங்களைப் போலவே வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைக்கிறார்கள். 2006 இல் அந்தப் பகுதிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது இவரும் வாகரை வழியாகப் போய், திரும்பி வந்து, பற்றை மூடிக் கிடந்த நிலத்தைத் திரும்ப வெட்டினவர்.

வேடரின் வில்லைப் பற்றி நான் வாசித்ததில் மறக்காத ஒன்று உண்டு. 1660 இல் கொட்டியாரத்தில், அதாவது இதே மூதூர்க் கரையில், பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் இருபது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதியது. அம்புமுனை தேவைப்பட்டால் வேடர் இரவோடிரவாக வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே, எந்த வடிவத்தில் முனை வேண்டுமோ அந்த வடிவத்தில் ஓர் இலையை வெட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். கொல்லன் அப்படியே செய்து வைத்தால் பிறகு இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஓர் இரவு அவனுக்கு அம்பு வரும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றார். அவருடைய பாட்டனிடம் வில் இருந்ததாம். அவர் கண்டதெல்லாம் நாண் இல்லாமல் முகட்டில் செருகிக் கிடந்த தடியைத்தான்.

மறைப்பு எப்படிப் போடுவது என்பதில் இரண்டு பேரும் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கதைத்தார்கள். நான் நடுவில் பிளேன்ரீயோடு இருந்தேன். மச்சான் தன் கைப்பேசியில் படம் காட்டினான். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போகும் கூடாரம். உள்பக்கம் கறுப்புத் துணி. சின்னச் சின்ன யன்னல்கள். முன்பக்கம் ஒன்றைத் திறந்தால் பின்பக்கம் எல்லாவற்றையும் மூடிவிடவேண்டும், வெளிச்சம் பின்னால் இருந்து வந்தால் ஆளின் உருவம் தெரியும். உள்ளே இருக்கிறவன் கறுப்புச் சட்டை போடவேண்டும். வேட்டை தொடங்குவதற்குக் கிழமைக்கணக்கில் முன்னதாகவே கூடாரத்தை வைத்து, சுற்றிலும் கொப்புச் செருகிவிடவேண்டும். மானுக்கு அது பழகவேண்டும்.

பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "குழையை எங்க வெட்டுறனீங்கள்?" என்றார்.

பக்கத்திலேயே என்றான் இவன்.

"அது பிழை தம்பி. வெட்டின குழை நாளைக்கு வாடும், மறுநாள் நிறம் மாறும். பச்சைப் பற்றைக்குள்ள ஒரு காஞ்ச பற்றை நிண்டால் மான் நிண்டு பாக்கும். வெட்டின பால் மணமும் அதுக்குத் தெரியும். இருக்கிற பற்றைக்குள்ள நாங்கள் போய் இருக்கோணும். பற்றையைக் கொண்டுவந்து எங்களைச் சுத்தி நடக்கூடாது."

அவருடைய சேனை எல்லையில் ஒரு தண்ணீர் மடு இருந்தது. ஆடியில் சுற்றுவட்டாரம் எல்லாம் வற்றிவிடும், இதில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும். பக்கத்தில் பாலை மரம், அது பழுத்துக் கொட்டுகிற காலம். மந்திகள் மேலே தின்றுகொண்டே பாதியைக் கீழே போடும், அதைப் பொறுக்க மான் வரும். தண்ணீருக்கு வடகிழக்கே ஒரு சூரைப் பற்றை. மச்சான் சட்டைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் போத்தலை எடுத்து அமுக்கினான். வெள்ளைப் பொடி பறந்தது. காற்றுப் பார்க்க அங்கே கடையில் விற்கிறார்களாம். பெரியவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அடுப்புச் சாம்பல். இரண்டு விரலால் கிள்ளி விட்டார். பொடியும் சாம்பலும் ஒன்றாக, ஒரே பக்கம், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் மிதந்து போயின. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் படம் எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை.

தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தது. மடு எங்களுக்குக் காற்றின் மேல்பக்கம். மச்சானுக்குத் திருப்தி. பெரியவர் மட்டும், "பின்னேரம் கடல்காத்து ஏறும், பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். நாங்கள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இரண்டு மணிக்கு உள்ளே போனோம். சவர்க்காரம் போடாமல் குளித்திருந்தோம். தலைக்கு எண்ணெய் இல்லை, வெற்றிலை இல்லை. காலடியில் கிடந்த சருகை எல்லாம் கையால் அள்ளி ஒதுக்கி வெறும் மண்ணாக்கிவிட்டு இருந்தோம். மேற்கே பார்த்தபடி இருந்ததால் வெயில் நேரே முகத்தில் விழுந்தது. முகமும் கையும் வெளியே பளிச்சென்று தெரிந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. நாலு மணியளவில் பிடரியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. நல்ல சுகமாக இருந்தது. கச்சான் விழுந்து கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறிவிட்டது. எங்கள் மணம் நேரே மடுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாலைமரத்துக்கு அப்பால், நாங்கள் கண்ணாலேயே காணாத ஒரு மான், கூர்மையாக ஒரு சத்தம் போட்டது. இன்னொருதரம். நிலத்தைக் காலால் அடிக்கும் சத்தம். எங்கோ நின்ற ஆட்காட்டிக் குருவி அதைப் பிடித்துக்கொண்டு காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. அன்றைய பொழுது முடிந்தது.

கோட்டைக்குள் என் கையிலிருந்து வாழைப்பழம் வாங்கின மானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலை புது இடம் பார்க்க மூவரும் மான் தடத்தோடு நடந்தோம். பெரியவர் முன்னால் போனவர் நின்றார். கையைப் பின்னால் நீட்டி எங்களையும் நிறுத்தினார்.

பெட்டை மான். செத்து இரண்டு நாள் இருக்கும். ஒரு வீரைக் கன்றின் அடியில் சுருக்குக் கட்டியிருந்தது. கம்பி, மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிள். பின்னங்காலில் இறுகி எலும்பு வரை போயிருந்தது. மரத்தைச் சுற்றி, கேபிள் நீளத்துக்கு, நிலம் வட்டமாகத் துப்புரவாகியிருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. குளம்பால் உழுத மாதிரி மண் தூளாகக் கிடந்தது. வீரைக் கன்றில் கேபிள் உரசி உரசிப் பட்டை உரிந்து வெள்ளை வைரம் தெரிந்தது. எத்தனை தரம் சுற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியவில்லை. வைத்தவன் வந்து பார்க்கவே இல்லை. இறைச்சிக்குக்கூட அது உதவவில்லை, பழுதாகிக் கிடந்தது.

மச்சான் அந்த வட்டத்துக்கு வெளியே குந்தி இருந்துவிட்டான். வெகுநேரம் எழும்பவில்லை.

எனக்கு இதில் ஆத்திரம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. பசிக்கு வேட்டையாடுகிற மனிதனை நான் வைய மாட்டேன். எங்கள் பக்கத்தில் பஞ்சமும் இடப்பெயர்வும் கண்ட சனத்துக்கு அதைச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. ஆனால் சுருக்கு வைக்கிறவன் அங்கே இல்லை. கட்டுத்துவக்கு வைக்கிறவனும் இல்லை. கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். பன்றியா, மாடா, விறகுக்குப் போன பொம்பிளையா என்று அதற்குத் தெரியாது. பெரியவரின் பெறாமகன் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை, கட்டுத்துவக்குத்தான். பன்றிக்கென்று தீனிக்குள் வைக்கிற வெங்காய வெடியை யானைக்குட்டி கடித்து, வாய் கிழிந்து, தின்னமுடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. அங்கே யாரும் காற்றுப் பார்ப்பதில்லை. குட்டியோடு வந்த மான் என்று விடுவதில்லை. இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து நாலு மணித்தியாலம் குளிரில் காத்திருப்பதில்லை. மறைந்திருந்து அடிப்பதைப் பற்றி அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த வட்டத்தில்தான் இருந்தது. மறைப்புக்குள் ஓர் ஆள் இருக்கிறான். தான் செய்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் காட்டுக்கத்தியின் பிடியால் முடிச்சைத் தளர்த்திக் கேபிளை உருவி எடுத்தார். மண்ணில் தேய்த்துத் துடைத்தார். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானத்துக்குள் அதே தடத்தில் இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தோம், அவற்றில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மறைப்பை மடுவுக்கு மேற்கே மாற்றினோம். பின்னேரக் கடல்காற்று முகத்துக்கு வரும், வெயில் முதுகுப் பக்கம் விழும். மான் எங்களைப் பார்த்தால் சூரியனைத்தான் பார்க்கவேண்டும். இரண்டு விண்ணாங்கு மரத்துக்கு இடையில் இருந்த பற்றைக்குள், முதுகை மரத்தில் சாய்த்து, கால் வைக்க ஒரு முழம் பள்ளம் தோண்டி இருந்தோம். பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்: பொழுது மரநுனியைத் தொட்டதும் எழும்பிவிடவேண்டும், அதற்குப் பிறகு மடு யானைக்குரியது. தண்ணீர் ஓரத்திலிருந்து பற்றை வரை அவரே நடந்து அளந்தார். இருபது கவடு.

கமராவின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். முதல் ஒரு மணித்தியாலம் உடம்புதான் பிரச்சினை. மூக்கில் அரிக்கும், கால் விறைக்கும், காதுக்குள் சில்லூறு. பிறகு உடம்பு அடங்கிவிடும். அதற்குப் பிறகு காது நீளுகிற மாதிரி ஒரு நிலை வருகிறது. பாலைப்பழம் சருகில் விழும் சத்தத்தையும் அதை ஏதோ ஒன்று வந்து எடுக்கும் சத்தத்தையும் பிரித்துக் கேட்க முடிந்தது. மந்திகள் பதறாமல் தின்றுகொண்டிருந்தன. அதுவே நல்ல செய்தி.

ஐந்து மணி தாண்டியிருக்கும். மான் வந்ததை நான் காணவில்லை. வெறும் நிழலாக இருந்த இடத்தில் ஒரு காது அசைந்தது. காது மட்டும். பிறகுதான் அதைச் சுற்றி ஒரு தலையும் கழுத்தும் இருப்பது தெரிந்தது. பெட்டை. அசையாமல் எவ்வளவு நேரம் நின்றதோ. ஒரு காது எங்கள் பக்கம், மற்றது பின்னால். முன்னங்காலைத் தூக்கி, வைக்காமல், திரும்ப எடுத்து, பிறகு வைத்தது. ஒவ்வோர் அடிக்கும் இதே கணக்கு. தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும் வெயில் அதன் மேல் விழுந்தது. தொண்டைக் குழியில் வெள்ளை மயிர் மூச்சுக்கு ஏறி இறங்கியது. மூக்கு நனைந்து மினுங்கியது. விலாவில் ஓர் உண்ணி கடித்துத் தொங்கியது, அந்த இடத்தில் தோல் மட்டும் தனியாகத் துடித்தது. கோட்டைக்குள் இதைவிடக் கிட்ட எத்தனையோ மானைப் பார்த்திருக்கிறேன். ஒன்றின் மூச்சையும் எண்ணிப் பார்த்ததில்லை.

பக்கவாட்டில் நின்றது. சரியாக அவன் சொன்ன மாதிரி.

பக்கத்தில் மச்சானின் மூச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. அவன் வலது கை தொடையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. அப்போது பின்னால் சருகு அசைந்து, குட்டி வெளியே வந்தது. கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். நேரே தாயின் வயிற்றுக்குக் கீழே போய் முட்டியது. மச்சானின் கை மெதுவாக இறங்கித் தொடையில் படிந்தது. மூச்சு விட்டான்.

ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை என்பது பெரியவரின் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"கிட்ட வந்துதோ?" என்றார் அவர்.

"வந்தது ஐயா. குட்டியோட."

"குடிச்சிட்டுப் போச்சுதோ?"

"குடிச்சது."

அவ்வளவுதான் கேட்டார். தேத்தண்ணி தந்தார், பனங்கட்டியோடு. நாங்கள் குடித்து முடிப்பதற்குள் வெளியே போய், மடியிலிருந்த மூன்று கேபிளையும் எடுத்து, அவிழ்ந்து கிடந்த வேலிப் படலையைக் கட்டைக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் பம்பு பார்க்கப் போனபோதும் படலை அந்தக் கட்டிலேயே நிற்கிறது.